மடித்த மூலை

அத்தியாயம் 4

"பணத்தோட கவரைத் துப்பறியிறவங்ககிட்ட ஒப்படைக்கிற ஏழையை என் சர்வீஸ்லயே இன்னைக்குத்தான் மேடம் பார்க்கிறேன்" என்றார் கண்டக்டர்.

மேடம் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த காக்கி நிறக் கவர் மட்டும் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது.

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள் என்று மேடத்திடம் உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்டவர். தோளில் இருந்த பையை இறக்கி வைத்துவிட்டார். காதில் செருகிய பென்சிலையும் வாயையும் மட்டும் இறக்கி வைக்க முடியவில்லை. மேடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய தலைமையகம், கிளை அலுவலகம் எல்லாம்.

அந்தப் பெண் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல மேஸ்திரி, மேடம். காணாமப் போய் நாப்பது நாளாச்சு. கம்பி நீட்டிட்டார்னு ஊரே பேசுது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அவரைக் கொண்டுபோய்க் கவுன்ட்டர்ல நிறுத்தலேன்னா எல்லாம் போச்சு."

எது போச்சு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் முன்பு ஒரு காலைப் பொழுதில் கிரிப்டோ என்னும் இணைய நாணயத்தை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகளுக்கு அரசு ஒட்டுமொத்தமாகப் பூட்டுப் போட்டது. பெரிய முதலைகள் முந்தின வாரமே மூட்டை கட்டிவிட்டன. வலையில் மாட்டியது எல்லாம் சின்ன மீன்கள். கணக்கு வைத்திருப்பவர் தொண்ணூறு நாளுக்குள் நேரில் வந்து, கட்டைவிரல் ரேகை வைத்து, தான்தான் என்று நிரூபித்தால் கோரிக்கை பதிவாகும், இல்லாவிட்டால் பணம் கஜானாவுக்கு என்று உத்தரவு. இன்றுதான் தொண்ணூறாவது நாள். கண்டக்டர் அதில் ஒரு பைசாவும் போடவில்லை. புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, போடுவதற்குக் கையில் இல்லை.

"உங்கப்பா எவ்வளவு போட்டார்?" என்று கேட்டார் மேடம்.

"அவர் பணம் கொஞ்சம்தான். கூட வேலை செய்யிற பதினோரு அக்காங்க பணமும் அதே கணக்குல இருக்கு."

"ஏன் அப்படி?"

பெண் தலையைக் குனிந்தாள். "அந்த அக்காங்க வேலையில இறங்கும்போது மோதிரம், வளையல், தோடு எல்லாத்தையும் கழட்டி அப்பாகிட்டதான் குடுப்பாங்க. ஒரு தகர டப்பால வச்சிருப்பார். இருபது வருஷத்துல ஒரு திருகாணி காணாமப் போனதில்ல. பணத்தையும் அதே மாதிரி அவர்கிட்டயே குடுத்துட்டாங்க. அவர் போன்ல அந்த கிரிப்டோ ஆப்பைப் போட்டுக் குடுத்தது நான்தான் மேடம். ஆளுக்கு ஒரு கணக்கு திறக்கிறதுக்குச் சோம்பல்பட்டு, அப்பா பேர்லயே போடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

அந்த 'நான்தான்' அறைக்குள் விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"பதினோரு பேர் பணம் ஒரே கணக்குக்குப் போனதால, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குறாங்களோன்னு சந்தேகக் குறி வேற போட்டு வச்சிருக்காங்க" என்றாள்.

"வெள்ளையாக்குறதுதானேம்மா அவங்க வேலையே" என்றார் கண்டக்டர். சொன்ன பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார். சில ஜோக்குகள் வெளியே வந்தபின்தான் முள் இருப்பது தெரிகிறது.

மேடம் கவரைக் கையில் எடுத்தார். உள்ளே நோட்டுகளும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. சீட்டில் அச்செழுத்தில் இரண்டே வரி. 'முடக்கப்பட்ட கணக்கு. அரசு திருப்பித் தரும் முதல் தவணை.'

"இது யாருக்கு வந்தது?"

"டிரையர் அக்காவுக்கு. டிரையர் மெஷின் பார்க்கிறவங்க. அவங்க பொண்ணுக்கு ரெண்டு காதுலயும் சீழ். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் தேதி குறிச்சிருந்தார். சேர்த்த பணம் மாட்டிக்கிச்சு. நாலு வாரம் முன்னாடி இந்தக் கவர் வந்துச்சு. அடுத்த வாரம் ஸ்ட்ரெச்சர் துணி துவைக்கிற அக்காவுக்கு, புருஷன் படுத்த படுக்கை. அப்புறம் இன்னும் ரெண்டு பேருக்கு. நேத்து டிரையர் அக்கா வீட்டுக்கு வந்து, 'அழாதடி, அரசாங்கம் குடுக்க ஆரம்பிச்சிடுச்சு'ன்னு கவரை என் கையில திணிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் உடனே கோரிக்கை பதியிற ஆபீஸ்ல போய்க் கேட்டேன். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு பைசா குடுக்கலன்னு சிரிக்கிறாங்க மேடம்."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வலையில் ஏதோ விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

"கண்டக்டர், அரசாங்கம் பணம் குடுத்தா எந்த வரிசையில குடுக்கும்?"

"விண்ணப்ப எண் வரிசையில. இல்லேன்னா பெயர் வரிசையில. இல்லேன்னா மச்சான் வரிசையில."

"இங்கே முதல்ல காது ஆபரேஷன், அடுத்தது படுத்த படுக்கை. யாருக்கு அவசரமோ அந்த வரிசையில வந்திருக்கு. யார் வீட்டுல என்ன கஷ்டம்னு எந்த அரசாங்கத்துக்குத் தெரியும்?"

பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேடம் அந்தச் சீட்டை மறுபடி மடித்துப் பார்த்தார். நீளவாக்கில் மூன்றாக, பிறகு பாதியாக. மேல் மூலை மட்டும் உள்ளே தள்ளி மடிக்கப்பட்டிருந்தது. "இந்த மூலை ஏன் இப்படி இருக்கு?"

பெண் சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "ஆபரேஷன் தியேட்டர் துணியை அப்படித்தான் மடிப்பாங்க. நர்ஸ் உள்பக்கத்தைத் தொடாம அந்த மூலையைப் பிடிச்சுப் பிரிக்கணும். அப்பா வீட்டுல துண்டு மடிச்சாலும் அப்படித்தான். என் ஸ்கூல் யூனிபார்மைக்கூட..."

"ஓடிப்போன ஆள் தவணை கட்டிக்கிட்டு இருக்கார்" என்றார் மேடம். "எங்கேயிருந்துன்னுதான் தெரியணும். உங்கப்பா போன் எங்கே?"

"வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டார். அவருக்கு அது ஒரு தொல்லை மேடம். விரல் வச்சாத் திறக்கவே திறக்காது. எப்பவும் நம்பர்தான் போடுவார்."

மேடம் எதையோ கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கண்டக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கண் அதற்குள் கவரின் பின்பக்கத்தில் ஓரமாக இருந்த ஒரு பென்சில் கிறுக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. பதினாலு என்று ஓர் எண், அதன் கீழே பொடிசாக ஒரு வட்டம்.

"மேடம்! இது எங்க ஜாதிக்காரன் கைவேலை!"

"எந்த ஜாதி?"

"கண்டக்டர் ஜாதி. பஸ்ல ஆளில்லாம பார்சல் குடுத்துவிடுவாங்கல்ல, மேலிடத்துக்குத் தெரியாம நாங்க கொண்டுபோய்ச் சேர்ப்போம். எந்த ஸ்டாப்ல ஏறுச்சோ அந்த எண்ணை ஓரத்துல போட்டுக்குவோம். வட்டம் போட்டா கூலி வாங்கியாச்சுன்னு அர்த்தம். வட்டம் விழுந்த பார்சலுக்கு வாங்குறவங்ககிட்ட ஒருத்தனும் கை நீட்டக்கூடாது. அது எங்க தர்மம்." காதிலிருந்த பென்சிலை எடுத்து ஆட்டினார். "ஆஸ்பத்திரி வாசல் வழியாப் போறது ஒரே ஒரு ரூட்டுதான். அதுல பதினாலாவது ஸ்டாப் எங்கேன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். பழைய தொழிற்பேட்டை!"

மேடம் கவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மணி பதினொன்றரை.

*

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடி ஆடிப் போனது பஸ். ஓய்வு பெற்றும் ஓசியில் ஏற மனமில்லாமல் கண்டக்டர் மூன்று டிக்கெட் வாங்கினார். சில்லறை கொடுப்பதில் அந்தப் புது கண்டக்டர் சுணங்கியதைக் கண்டதும் அவருக்குத் தன் வாலிபமே திரும்பியதுபோல் இருந்தது.

பதினாலாவது ஸ்டாப்பில் இறங்கினால் எதிரே தகரக் கூரை போட்ட பெரிய சலவை ஆலை. ஹோட்டல் துண்டுகளும் ரயில் போர்வைகளும் லாரி லாரியாக வந்து இறங்கின. சூப்பர்வைசர் சூடாக இருந்தார். கொதிகலனைவிடவும்.

"ஆஸ்பத்திரி மேஸ்திரியா? இங்கே அப்படி யாரும் இல்லீங்க. இருக்கிறவங்க பேரைக் கேட்கவே எனக்கு நேரமில்ல. வேலை கெடுது, கிளம்புங்க."

"சரிங்க" என்றார் மேடம். "எதிர்ல இருக்கிற லாட்ஜுக்குத் துவைக்கக் குடுக்கலாம்னு பார்க்கிறோம். மடிச்சு வச்ச சரக்கைக் கண்ணால பார்த்துட்டுப் போயிடறோம்."

பொய்யைப் பிடித்தே வாழ்ந்தவருக்குப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று கண்டக்டர் வியந்தார். சூப்பர்வைசரின் சூடு தணிந்தது. உள்ளே கூட்டிப்போனார். மார்பு உயரத்துக்கு அடுக்கடுக்காகத் துண்டுகள். மேடம் ஒவ்வொரு அடுக்காக விரலால் தடவிக்கொண்டே போய், ஏழாவது அடுக்கில் நின்றார். அந்த அடுக்கில் மட்டும் எல்லாத் துண்டுக்கும் ஒரு மூலை உள்ளே தள்ளியிருந்தது.

"இதை மடிச்சது யார்?"

"அதுவா? சொன்னாக் கேட்கிறதில்ல அந்தப் பெரியவர். ஹோட்டல் துண்டுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு தினம் கத்துறேன். கை தானாப் போகுதுங்கிறார். ரெண்டு ஷிப்ட் தொடர்ச்சியா நிக்கிறாரு, ஒரு மாசக் கூலியை முன்பணமா வாங்கினவரு, அதனால விட்டு வச்சிருக்கேன். அதோ, அந்தக் கடைசி மெஷின்கிட்ட."

நீராவிக்கு நடுவே முதுகு வளைந்த ஒருவர் நனைந்த போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பது நாள் இரண்டு ஷிப்ட் நின்றால் மனிதன் இப்படித்தான் தேய்வான் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா!"

அவர் திரும்பினார். ஓடப் பார்க்கவில்லை, ஒளியப் பார்க்கவில்லை. கையிலிருந்த போர்வையைக் கீழே விடாமல், ஈரம் மகள் மேல் படக்கூடாது என்று தள்ளி வைத்துவிட்டு, வெறும் முழங்கையால் அவளை அணைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"அஞ்சு மணிக்குள்ள போயிடலாம்ப்பா! நீங்க விரல் வச்சாப் போதும்ப்பா. அவ்வளவு பணமும் பதிவாயிடும். வாங்கப்பா, இன்னும் நேரம் இருக்கு!"

மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவளுடைய கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ, "சரிம்மா, போலாம்" என்று மட்டும் சொல்லி, மெஷினை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்தது. கேஸ் முடிந்தது, ஆள் கிடைத்துவிட்டார், நேரமும் இருக்கிறது. மேடத்தின் முகம்தான் ஏனோ கறுத்துக் கிடந்தது.

*

திரும்பும் பஸ்ஸில் பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்த ஒரு சின்ன டப்பியிலிருந்து வாசலின் எடுத்து இரண்டு கட்டைவிரல்களிலும் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அலுவலகத்தில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. ஆட்டோக்காரர், ஆசிரியை, மளிகைக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லார் முகமும் ஒரே முகமாக இருந்தது. பிணவறை வாசலில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்களைக் கண்டக்டர் ஒருமுறை பார்த்திருக்கிறார். அந்த முகம்.

'ரேகைச் சரிபார்ப்பு கவுன்ட்டர் நான்கு' என்று பலகை சொன்னது. பெண் நாலாவது கவுன்ட்டரை நோக்கி ஓடினாள். மேஸ்திரி பலகையை ஏறிட்டும் பார்க்காமல் நேராக ஆறாவது கவுன்ட்டர் வரிசைக்குப் போய் நின்றார்.

"இங்கே மாத்திட்டாங்கம்மா" என்றார், மெதுவாக.

வாசல் காவலாளி அவரைப் பார்த்துத் தலையசைத்தார். தெரிந்தவரைப் பார்த்து அசைக்கிற மாதிரி.

கண்டக்டர் "அட, இவருக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார். மேடம் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தார். "பேசாதீங்க." அந்தப் பிடியில்தான் கண்டக்டருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அதன்பிறகு அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

நாலே முக்காலுக்கு அவர்கள் முறை வந்தது. கவுன்ட்டருக்குள் இருந்த குமாஸ்தா சின்ன வயதுப் பெண். மேஸ்திரியைக் கண்டதும் அவளுடைய தோள் தளர்ந்தது.

"மறுபடியும் வந்துட்டீங்களாய்யா?"

மேஸ்திரி கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்தார். சிவப்பு விளக்கு. குமாஸ்தா தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி சிவப்பு. இடது கட்டைவிரல். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்து விரலும் சிவப்பு.

"என்னாச்சு? மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள் மகள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஐயா கையில ரேகை இல்லைங்க" என்றாள் குமாஸ்தா. "முப்பது வருஷம் ப்ளீச்சிங் பவுடர்லயும் கொதிக்கிற தண்ணியிலயும் இருந்த கை. பத்து தடவை வந்துட்டார். நானும் மேலே எழுதிக் கேட்டேன். ரேகை இல்லாதவங்களுக்குத் தனிப் படிவம் எதுவும் இல்லைன்னு பதில் வந்துச்சு. இதுல சந்தேகக் குறி வேற. என்னால ஆனது இவ்வளவுதாங்க." அவளைத் திட்டக்கூடக் கண்டக்டருக்கு வழி இல்லாமல் போயிற்று.

சுவர்க் கடிகாரம் ஐந்து காட்டியது. ஷட்டர் கரகரவென்று இறங்கியது. பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து கூச்சல் எழவில்லை. ஒரு பெருமூச்சுதான் எழுந்தது. அது கூச்சலைவிட மோசமாக இருந்தது.

*

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மகள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"முதல் நாளே தெரியுமில்ல? ஏன்ப்பா சொல்லல? திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு ஏன்ப்பா போனீங்க?"

"சொன்னா நீ உன்னையே திட்டிக்குவ. ஆப்பைப் போட்டது நான்தான் நான்தான்னு சொல்லிக்கிட்டே சுவத்துல முட்டிக்குவ" என்றார் மேஸ்திரி. "அந்தப் பொம்பளைங்களும்... நான் திருடிட்டேன்னா என்னைத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்குவாங்க. பணம் செத்தே போச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவாங்கம்மா. கூட இருந்துக்கிட்டே குடுத்தா ஒருத்தியும் வாங்க மாட்டா. அதான் அரசாங்கம்னு எழுதினேன். வண்டியை வித்தேன், முன்பணம் வாங்கினேன். முதல் கவர்ல ஆபரேஷனுக்கு முழுசா வச்சிட்டேன். மத்தவங்களுக்கு மெதுமெதுவாத் தீர்த்துடுவேன்."

இன்று மாலை ஷிப்ட் மாறும்போது பதினோரு பெண்களிடமும் சேதி சொல்ல வேண்டும். மகளால் தனியாகப் போக முடியாது. நால்வருமாகப் போனார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம் சலவைக்கூட முற்றம். வேலை முடித்தவர்களும் தொடங்கப் போகிறவர்களுமாகப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். மேஸ்திரியைப் பார்த்ததும் யாரும் கத்தவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை.

"இளைச்சுட்டீங்களேண்ணே" என்றாள் ஒல்லியான ஒருத்தி. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அவள்தான் டிரையர் அக்கா.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "அரசாங்கம் கவர் அனுப்புதாமே, கேள்விப்பட்டேன்..."

மேடம் குறுக்கிட்டார். "கண்டக்டர், காலையில நீங்க ஒரு ஜோக் அடிச்சீங்களே. இன்னொரு தடவை சொல்லுங்க."

கண்டக்டர் விழித்தார். "பணத்தோட கவரைக் குடுத்துட்டுப் போற ஏழையை..." என்று ஆரம்பித்தவருக்குப் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அதேதான். அவ்வளவு அவசரம் இருக்கிறவ ஏன் பணத்தைத் தொடாம அப்படியே குடுத்துட்டா? துப்பு முழுக்க அதுல இருந்தது. நான் கோட்டை விட்டுட்டேன்" என்றார் மேடம். "அந்த மூலையை மடிக்கிறது மேஸ்திரி மட்டுமா? இவங்க பதினோரு பேரும் தினம் ஆயிரம் தடவை அதைத்தானே மடிக்கிறாங்க. பிரிச்ச உடனே இவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

டிரையர் அக்கா உள்ளே போய்த் துருவேறிய ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். மோதிரமும் வளையலும் வைக்கிற டப்பா. திறந்தாள். உள்ளே மூன்று காக்கிக் கவர்கள். மூன்றும் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

"முதல்ல வந்ததை மட்டும் பிரிச்சோம்ணே. மடிப்பைப் பார்த்ததும் மத்ததைப் பிரிக்கல" என்றாள். "நீங்க மறைக்கணும்னு நினைச்சீங்க. நாங்களும் தெரியாத மாதிரி இருந்துட்டோம். உங்க பொண்ணு அழுதழுது கிடந்தா. அந்தப் பணம் உங்க வீட்டுக்கே திரும்பட்டும்னு அவ கையில குடுத்தேன். எங்க பணத்தைச் சாப்பிட்டது நீங்களா? உங்க எலும்பைத் தேய்ச்சு நாங்க எதுக்குண்ணே வாங்கணும்?"

மேஸ்திரி டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஒன்று உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. கண்டக்டருக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. இந்த மனிதர் அதைக் கேட்காமல் இருந்தால் தேவலை என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார்.

"அப்போ... பாப்பாவுக்கு ஆபரேஷன்?"

டிரையர் அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"தேதி போயிடுச்சுண்ணே."

"போயிடுச்சுன்னா?"

"இடது காது முழுசாப் போச்சு. போன வாரம் டாக்டர் பார்த்தார். வலது காதாவது நிக்கணும்னா இந்த மாசத்துக்குள்ள பண்ணணுமாம்."

மேஸ்திரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரேகையில்லாத இரண்டு கைகளையும் முகத்தின் மேல் வைத்துக்கொண்டார். "அதுக்குத்தானேம்மா அனுப்பினேன்" என்றார். "அதுக்குத்தானே அனுப்பினேன். அதுக்குத்தானேம்மா..." மகள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். பதினோரு பெண்களும் அழுதார்கள். இத்தனை நல்ல மனசுகள் ஒன்றை ஒன்று காப்பாற்றப் போய், நடுவில் ஒரு குழந்தையின் காது போய்விட்டது. ஷட்டரை இறக்கியவர்கள் யாருக்கும் அது தெரியப் போவதில்லை.

மேடம் கைப்பையிலிருந்து, காலையில் மகள் கொண்டுவந்த அந்த முதல் கவரை எடுத்து டிரையர் அக்காவிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோம்மா. வலது காது இருக்கில்ல" என்றார் மேஸ்திரி, முகத்திலிருந்து கையை எடுக்காமலே.

"எப்படிண்ணே வாங்குவேன்? எப்படித் திருப்பித் தருவேன்?"

கண்டக்டர் முன்னால் வந்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று மேடம் பார்த்தார். அவரிடம் ஒன்றும் மீதமில்லை. மேடத்தின் கையிலிருந்த கவரை வாங்கித் திருப்பினார். 'பதினாலு' என்ற எண்ணுக்குக் கீழே இருந்த வட்டத்தின் மேலேயே பென்சிலை வைத்து அழுத்தி இன்னொரு வட்டம் போட்டார். அது கோணலாக வந்தது.

"இது பஸ்காரன் கணக்கும்மா" என்றார். "வட்டம் போட்டாச்சுன்னா கூலி வாங்கியாச்சு. யாரும் யார்கிட்டயும் எதுவும் கேட்கக்கூடாது. திருப்பியும் தரக்கூடாது. பிடி."

டிரையர் அக்கா கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஷிப்ட் மணி அடித்தது. உள்ளே போக வேண்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றினார்கள். வைக்க இடம் தேடி ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து, தரையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் மடியில் இருந்த டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள்.